மடங்கிய இரண்டு விரல்

உவர்மலையில் மூன்று நாள் பயிற்சி.
மின்விசிறி கரகரத்த மண்டபத்தில்
முப்பது ரீச்சர்மார்
பசி, தண்ணீர், வலி, போதும் என்று
கைகளைப் பழக்கினோம்.
வாக்கியம் முழுதும் கையால் கட்ட வேண்டாம்,
வாய் பேசிக்கொண்டே இருக்கட்டும்,
கனமான சொல்லுக்கு மட்டும் கை கொடுங்கள்.
கொப்பியில் அடிக்கோடிட்டேன்.

திருக்கடலூர்ப் பாடசாலையில் கடைசி அறை.
முன்பு பந்துகளும் உடைந்த வலையும் கிடந்த அறை.
ஏழு பிள்ளைகள், ஆறு கதிரைகள்.
அஸ்ரிபா கதிரையில் இருக்கமாட்டாள்.

"நாங்கள் இப்ப சாப்பிடப் போறம்."
'நாங்கள்' காற்றோடு போகிறது.
'இப்ப'வும் போகிறது.
குவிந்த என் விரல்கள் உதட்டைத் தொட
சாப்பாடு மட்டும்
அறையில் நிற்கிறது.

முதல் இரண்டு மாதம்
ஒரு பிள்ளையும் திருப்பித் தரவில்லை.
எனக்குத்தான் பழகிப்போயிற்று.
மீன் சந்தையில் 'போதும்' என்று கையை வெட்ட
பாரையை நிறுத்தவர்
தராசைக் கீழே வைத்துவிட்டு
என்னையே பார்த்தார்.

ஒரு தாய் வாசலில் நின்று கேட்டார்:
"கையைப் பழக்கினால்
வாய் சோம்பிப் போகாதோ, ரீச்சர்?"
இல்லை என்றேன். ஆய்வுகளைச் சொன்னேன்.
அவர் கேட்டது ஆய்வை அல்ல,
'அம்மா' என்று ஒரே ஒரு தரம்.

பிறகு நிதுர்சன்.
எட்டு வயது. பிஸ்கற் முடிந்த ஒரு வியாழன்
இரண்டு கைகளின் நுனிகளையும் முட்டினான்:
இன்னும்.

நான் பக்கெற்றையே கொடுத்துவிட்டேன்.
(கொடுத்திருக்கக் கூடாது. ஒவ்வொன்றாகத்தான்.)

ஆனால் அவனுடைய வலது கையில்
கடைசி இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன,
உள்ளங்கைக்குள் இறுக்கமாக.
மெதுவாக நிமிர்த்தினேன்.
மடக்கினான்.
நிமிர்த்தினேன்.
கையைப் பறித்துக்கொண்டு மேசைக்கடியில் போனான்.

'வலது கை நுண்தசை பலவீனம்' என்று எழுதினேன்.
களிமண் கொடுத்தேன், உடுப்புக் கிளிப் கொடுத்தேன்,
மணி கோர்க்கக் கொடுத்தேன்.
ஐந்து விரலாலும்
என்னைவிட வேகமாகக் கோர்த்தான்.
முடித்துவிட்டு
இரண்டு விரலை மடக்கி
இன்னும் மணி கேட்டான்.

மார்கழியில், கடலுக்குப் போக முடியாத ஒரு மழை நாள்,
தாய்க்குப் பதிலாகத் தகப்பன் வந்தார்.
கேற்றுக்கு வெளியே, குடையில்லாமல்,
ஒரு கையைச் சாரம் மடிப்புக்குள் வைத்தபடி.
மகன் ஓடிப்போனதும்
அந்தக் கை வெளியே வந்தது.
பெருவிரல். இரண்டு விரல். பிறகு தழும்பு.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.
"வெடி, ரீச்சர். பதினாறு வருசம்."
மழையைப் பார்த்துக்கொண்டு,
"நீங்கள் அனுப்பின படத்தாள் மனிசியிட்ட இருக்கு.
ராவில சோறு தீத்தேக்க
நான்தான் அவனுக்குக் காட்டுறது.
பிழையோ?"

பைல் என் கக்கத்தில் இருந்தது.
இல்லை என்று வாயால் சொன்னேன்,
தலையாலும் சொன்னேன்.
எதிலும் கனம் போதவில்லை.

அன்று பின்னேரம் அந்த வரியை வெட்டினேன்.
வேறு என்ன எழுதுவது என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

தைக்குப் பிறகு அஸ்ரிபாவும்
இரண்டு விரலை மடக்கிக் கேட்கிறாள்.
அவளைப் பார்த்து மற்ற இருவர்.
கவனமில்லாத வேளைகளில்
நானும்.

வலயத்திலிருந்து வந்த சேர்
கைந்நூலைப் புரட்டினார்.
"இன்னும் என்பது இப்படி இல்லையே, ரீச்சர்?"
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் வேலி உடைந்த பக்கமாக
ஒரு புள்ளிமான் வந்து
ஜன்னலுக்குள் மூக்கை நீட்டியது.
நிதுர்சன் தன் வாழைப்பழத் தோலைக் கொடுத்தான்.
அது தின்று முடித்து
அவனைப் பார்த்தது.

அவன் இரண்டு விரலை மடக்கி
நுனிகளை முட்டி
தலையைச் சரித்து
மானிடம் கேட்டான்:
இன்னுமோ?