தூணிலும் துரும்பிலும்

தாள் எடுக்கும் லொறி வியாழன் காலை ஏழு மணிக்கு.
சணல் கயிற்றால் கட்டவேண்டும்,
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.
பிளாஸ்டிக் கூடாது, பசைநாடா கூடாது.
நகரசபைக் கடதாசியில் பகிடி பற்றி ஒன்றும் இல்லை.

நிலவறையில், மாரிகால டயர்களுக்குப் பின்னால்
வாழைப்பழப் பெட்டி.
உள்ளே பதினொரு நாடகம்.
எட்டு முடிந்தவை, மூன்று முடியாதவை,
மேடை கண்டவை இரண்டே இரண்டு.
தொண்ணூற்றிரண்டு முதல் தொண்ணூற்றேழு வரை
நானும் யோகசிங்கமும்
உணவகத்தில் கோப்பை கழுவிய கையோடு
ஈரம் காயாமல் எழுதியவை.
மை கரைந்த இடமெல்லாம் அந்த ஈரம்தான்.
கண்ணீர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

உடுப்புத் தோய்க்கும் முறை
இரண்டு கிழமைக்கு ஒருதரம்தான் வரும் என்பதால்
அந்த நாளிலேயே முகூர்த்தம் வைத்தவனின் கதை.
தாலியைக் கையில் எடுக்கும் நேரம் மெஷின் நின்றுவிடும்,
மாப்பிள்ளை எழும்பி ஓடுவார்.
இது இன்றைக்கும் எடுபடும்.
ஐந்து பிராங் குற்றியோடு
தொலைபேசிக் கூண்டுக்குள் ஆறு பேர் நிற்கும் கதை.
என் மகள் கேட்பாள், தொலைபேசிக்கு எதற்கப்பா கூண்டு?

திக்குவாயன் ஒருவனை வைத்து நாலு பக்கம்.
அதை எழுதியது நான்தான்.
கந்தவனத்தாரின் மூத்த பெடியன்
முன்வரிசையில் இருந்தான் அன்றைக்கு.
எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான்,
கொஞ்சம் பிந்தி.
அந்த நாலையும் முதலில் அடியில் வைத்தேன்,
எழுத்து நிலத்தைப் பார்க்க.

ஓரமெல்லாம் என் கையெழுத்து:
"இங்கே சபை சிரிக்கும்."
என்ன திமிர்.
சபை அந்த நேரம் வடை வாங்கப் போயிருந்தது.

முடியாத மூன்றையும் வாசிக்காமலே மேலே வைத்துக் கட்டினேன்.
கயிறு குறுக்கிடும் இடத்தில் தெரிந்தது மேல்தாள்.

அதிகாரி: எங்கே இருக்கிறாய்?
அகதி: தூணில்.
மொழிபெயர்ப்பாளர் தலையைச் சொறிவார்.
எங்கள் ஊருக்கு ஏரி உண்டு, கோட்டை உண்டு,
நேரத்துக்கு ரயில் உண்டு.
தமிழில் பெயரைச் சொன்னால் மட்டும்
உள்ளேயிருந்து நரசிங்கம் வரவேண்டும்.
அதிகாரி: அப்போ துரும்பில் யார்?

அதோடு நிறுத்தியிருக்கிறேன்.
கீழே யோகசிங்கம், சிவப்புப் பேனையில்:
"துரும்பிலை நான்."
அதன்மேல் என் கோடு. இரண்டு கோடு.
பக்கத்தில், "சிரிப்பு வராது."

அதற்குப் பிறகு அவன் வரவில்லை.
வெட்டினால் பொறுக்காத எழுத்தாளர் என்று
நாலு இடத்தில் சொன்னேன்.
அதற்கு நல்லாய்ச் சிரித்தார்கள்.

நிலவறை விளக்கு மூன்று நிமிடத்தில் தானாக அணையும்.
இருட்டில்தான் எட்டியது.
ட்ரூப்.
எமென்டால் மலைமடிப்பில் ஒரு கிராமம்.
அந்த மாரியில் அவனை அங்கே மாற்றியிருந்தார்கள்.
பாற்கட்டி செய்யும் இடத்துக்கு மேலே ஓர் அறை,
கடைசி பஸ் ஆறரைக்கு.
ட்ரூப். துரும்பு.
அவன் விலாசம் தந்திருக்கிறான்.
நான் பகிடியைத் திருத்தியிருக்கிறேன்.

சிரித்தேன்,
இருபத்தெட்டு வருஷம் பிந்தி,
உருளைக்கிழங்கு மணக்கும் இருட்டில் தனியாக,
அடுத்த கூண்டில் யாரோ இருமும் வரை.

திருமதி ஸ்பிண்டன் விளக்கைப் போட்டாள்.
சுகம்தானே என்றாள்.
ஒரு பகிடி இப்போதுதான் விளங்கியது என்றேன்.
தலையாட்டினாள்.
நிலவறையில் நிற்க அவளுக்கு அது போதுமான காரணம்.

அந்த ஒரு தாளை உருவினேன்.
கட்டு முழுவதும் தளர்ந்துபோனது.
திரும்ப இழுத்துக் கட்ட
முடிச்சுக்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது.
கேட்காமலே குனிந்து
கயிறுமேல் விரலை வைத்தாள்.
எடுக்கட்டுமா என்றாள்.
பொறுங்கோ என்றேன்.
பல்லில் தாளைக் கவ்வியிருந்ததால்
அது தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை.
விரல் எடுபடவில்லை.