ஓட்டு

முதல்முறை எங்கள் பண்ணைக்கு வந்தபோது
ஆர்டிஸ் க்வாமி கையில் துண்டறிக்கை இல்லை.
பசு முக்கிக்கொண்டிருந்தது.
மேல்கோட்டைக் கழற்றி வேலிக்கம்பியில் மாட்டினாள்,
என்னோடு மண்டியிட்டு
கன்றின் முன்னங்கால் ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.
கன்று தரையில் விழுந்த பிறகுதான்
பெயரைச் சொன்னாள், பிறகு கட்சியை.
கட்சியைக் கொஞ்சம் தணிந்த குரலில்.

அந்த நவம்பரில் அவளுக்குத்தான் போட்டேன்.
அடுத்த முறையும்.

வடக்கு டகோட்டாவில் சட்டமன்றம்
ஒன்றுவிட்டு ஒரு குளிர்காலத்தில் கூடும்.
ஜனவரியில் போனால்
கோதுமை விதைப்புக்குள் திரும்பிவிட வேண்டும்.
பிஸ்மார்க்கில் ஒரு மோட்டல் அறை,
ஜன்னலோரம் மின்னடுப்பு, நாளெல்லாம் ஒரே சூப்.
ஏழு மசோதா கொண்டுபோனாள்.
ஆறு குழுவிலேயே செத்தன.
பிழைத்தது ஒன்று:
தானியக் கிடங்குத் தராசுகளை
ஆண்டுக்கு இருமுறை சோதிக்க வேண்டும்.
பெரிய விஷயமில்லைதான்.
ஆனால் ஒவ்வொரு அறுவடைக்கும் என் லாரி
அந்தச் சட்டத்தின்மேல்தான் ஏறி நிற்கிறது.

பிறகு பள்ளி மசோதா வந்தது.
ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்தால்
மாநிலப் பணம் கிடையாது.
எங்கள் ஊரில் நாற்பத்தொன்று.
அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

ஒளியவில்லை. மறு ஞாயிறே
தேவாலய நிலவறையில் காபி நேரத்தில் எழுந்து நின்றாள்.
"இயற்பியலுக்கு ஆளில்லை, மூன்று வருஷமா.
என் ஊர் என்பதற்காக
இருக்குன்னு சொல்ல முடியலை."
எங்கள் பக்கம் கோபம் சத்தம் போடாது.
அவள் கொண்டுவந்த ருபார்ப் கேக்
வெட்டப்படாமலே இருந்தது, அவ்வளவுதான்.
போகும்போது தட்டோடு எடுத்துப் போனாள்.

பதினோரு ஓட்டில் தோற்றாள்.
மறுபடி எண்ணினார்கள், அதே பதினொன்று.
அதில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும்.
என் மனைவி வாய் திறக்கவில்லை.
இரண்டாக இருக்கலாம்.

பெயர்ப் பலகைகளைத் தானே பிடுங்கினாள்,
குறடும் பழைய பிக்கப் வண்டியுமாக,
வாசல் வாசலாக.
எங்கள் வாசலில் இருந்தது மட்டும் கிடைக்கவில்லை.
அது கோழிக்கூண்டின் ஓட்டையை அடைத்திருந்தது,
பெயரின் பாதி உள்ளே, கோழிகள் பக்கம்.

புதிய பள்ளி முப்பத்தெட்டு மைல்.
பேருந்துக்கு ஆள் தேவை என்று
தபால் நிலையச் சுவரில் காகிதம் ஒட்டி
ஆறு வாரம் ஆகியும் யாரும் வரவில்லை.
பிறகு ஒருநாள் காலை ஆறு பத்துக்கு
மஞ்சள் வண்டி எங்கள் வளைவில் திரும்பியது.
கண்ணாடிக்குப் பின்னால் அவள்.
ஊர் ஊராக ஓட்டுக் கேட்டவள்
இப்போது ஓட்டுகிறாள்
என்று கிடங்கில் யாரோ சொன்னான்.
நாலைந்து பேர் சிரித்தோம்.

பிப்ரவரிப் பனிப்புயலில்
வண்டி பள்ளத்தில் சரிந்தது.
ஏழு பிள்ளைகள்.
தொலைவில் ஒரு வீட்டு விளக்கு தெரிந்ததாம்.
நடந்து போய்விடலாம் என்று
பிள்ளைகளே கை தூக்கி ஓட்டெடுத்தார்கள்.
ஆறுக்கு ஒன்று.
"இங்கே எண்ணிக்கை செல்லாது"
என்று கதவைப் பூட்டிவிட்டு
சாவியைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டாளாம்.
ஐந்து மணி நேரம்.
அந்த விளக்கு சற்று நேரத்தில் காணாமல் போனது.
என் மகன் டோபின் இதைச் சொன்னான்.
எந்தப் பக்கம் கை தூக்கினான் என்று
நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கள், இருட்டில்,
அவள் முன்கண்ணாடிப் பனியை நானே சுரண்டினேன்.
சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.
ஜன்னலை இறக்கினாள்.
"கிடங்குத் தராசு எப்படி, சரியாக் காட்டுதா?"

கொஞ்சம் குறைத்துத்தான் காட்டுகிறது
என்றேன்.