கதவை இரண்டு கையாலும் பிடிக்கணும்

நான்கு நாள். மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர்.
ரியோ காயேகோஸில் வந்து இறங்கிய நிமிடமே
வண்டிக் கதவைக் காற்று
முன்பக்கமாய் மடக்கிவிட்டது,
கோழியின் இறக்கையை முறுக்குகிற மாதிரி.

எதிர்வீட்டு ஒயார்சூன் அம்மாள்
வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள்:
வண்டி காற்றைப் பார்த்து நிற்கணும்.
கதவை இரண்டு கையாலும் பிடிக்கணும்.
நல்வரவு என்று தனியாக எதுவும் சொல்லவில்லை.

சுல்மாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை.
இரவுப் பணி, இரட்டைச் சம்பளம்.
நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.
ஒபெராவில் நண்பர்கள் சிரித்தே ஓய்ந்தார்கள்:
எவாரிஸ்தோ, உறைபனி ஊரில் போய்
யாருக்கு ஐஸ்பெட்டி பார்க்கப்போகிறாய்?
நானும் சேர்ந்து சிரித்தேன்.
வழியில்
மரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்ட பிறகு
சிரிக்கவில்லை.

டிசம்பர். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்.
யமிலா கட்டிலில் சம்மணமிட்டு
பகலில் எதற்குத் தூங்கணும் என்றாள்.
நியாயமான கேள்வி.
சாமான் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து
ஜன்னல் முழுக்க ஒட்டினேன்.
அன்றுமுதல் பிள்ளைகளின் இருட்டில்
சுல்மாவின் கையெழுத்து:
சமையலறை.
உடையும்.
'இந்தப் பக்கம் மேலே' என்பது தலைகீழாக.

எலிசேயோ பேச்சைக் குறைத்துக்கொண்டான்.
ஒருநாள் வண்டி கழுவினேன்.
சக்கரத்து வளைவுக்குள் காய்ந்து அப்பியிருந்தது
மிசியோனெஸின் செம்மண்.
எங்கிருந்தோ வந்து குழாயைப் பிடுங்கினான்.
பதினான்கு வயது. ஒரு சொல் இல்லை.
குழாயை வேலிமேல் எறிந்துவிட்டு உள்ளே போனான்;
வேலி நனைந்துகொண்டே இருந்தது.
அந்த ஒரு சக்கரத்தை விட்டுவிட்டேன்.
மார்ச்சில் ஒரு மழை அதையும் கழுவிப்போனது.
அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை.
கவனித்திருப்பான்.

காலையில் சுல்மா வருவாள்,
கன்னத்தில் மாஸ்க் அழுத்திய கோடு.
பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும்
ஒரே குழலில் மாறி மாறி மாத்தே உறிஞ்சுவோம்.
தப்பு செய்துவிட்டோமா என்று
அவள் கேட்டுவிடுவாளோ என நானும்
நான் கேட்டுவிடுவேனோ என அவளும்
கெட்டிலை மறுபடி மறுபடி அடுப்பில் வைத்தோம்.
ஆறு மாதம் எனக்கு மூன்று வேலை.
அதில் ஒன்று வாஷிங் மெஷின்.

ஜூனில் ஒன்பதரைக்கு விடிந்து
ஐந்துக்கு முடிந்துவிடும் பகல்.
ஒயார்சூன் அம்மாள் கதவைத் தட்டினாள்:
பின்கொட்டகை ஃப்ரிட்ஜில்
மேல்தட்டு உருகி
தரையெல்லாம் ஆட்டு ரத்தம்.

கம்ப்ரஸர் நலம். கேஸ் நலம்.
வெளியே மைனஸ் ஒன்பது, கொட்டகைக்குள் மூன்று.
போதுமான அளவு குளிர்ந்துவிட்டோம் என்று
தெர்மோஸ்டாட் தானே முடிவு செய்து
எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருந்தது.
இருபது வருடத் தொழிலில்
குளிர் தாங்காத ஃப்ரிட்ஜை
அன்றுதான் பார்த்தேன்.
அதன் பக்கத்தில் ஒரு சின்ன பல்பைப் பொருத்தினேன்,
சுண்டுவிரல் அளவு சூடு.
மெல்ல உறும ஆரம்பித்தது.

கூலிக்கு ஒரு தொடைக்கறி தந்தாள்.
அந்த வாரமே ஏழு வீட்டில் கூப்பிட்டார்கள்.
இந்தத் தெருவில் எல்லார் கொட்டகையும் மூன்று டிகிரி.

ஜன்னல் அட்டைகளை அவிழ்த்தேன்;
இருட்டு இப்போது ஊரே தருகிறது.
'உடையும்' என்ற துண்டை மட்டும் யமிலா கேட்டு வாங்கி
அண்ணன் கதவில் ஒட்டினாள்.
கிழிப்பான் என்று காத்திருந்தேன்.
கிழிக்கவில்லை.

நேற்று தம்பி போன் செய்தான்.
அங்கே எப்படி இருக்கிறது?
என்ன சொல்வதென்று தெரியாமல்
ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினேன்.
லைன் சரியில்லை, ஒரே இரைச்சல், என்றான்.

இல்லை, என்றேன்.
லைன் நன்றாகத்தான் இருக்கிறது.