தயிர் டப்பா

என் படகு ஃபைபர். பதினெட்டு அடி.
பெயர் 'டாஃபடில்'. மஞ்சள் வெளுத்து
மோர் நிறத்துக்கு வந்து நாளாகிறது.
இந்தக் கால்வாயின் இரும்புப் படகுக்காரர்கள்
அதைத் தயிர் டப்பா என்பார்கள்,
எனக்குக் கேட்காது என்று நினைக்கும் தூரத்தில்.
தண்ணீர் பேச்சைச் சுமந்து வரும்.
இத்தனை வருஷம் மிதந்தவர்களுக்கு
இது தெரியாதா என்ன.

ஹாட்டனில் இருபத்தொரு மதகுகள்.
படிப்படியாய்ப் படகை மேடேற்ற வேண்டும்.
ஒரு மதகில் இரண்டு படகு தாராளமாய் நிற்கும்.

எனக்கு முன்னால் 'பெரிக்ரின்'.
ஐம்பத்தேழு அடி. விலாவில் கையால் தீட்டிய ரோஜாக்கள்.
புகைபோக்கியின் பித்தளை வளையத்தில்
ஒரு முழு மேகம் போய்க்கொண்டிருந்தது.
சுக்கானில் டெஸ்மண்ட். திரும்பிப் பார்த்தார்,
என்னை அல்ல,
எனக்குப் பின்னால் வேறு படகு வருகிறதா என்று.
வரவில்லை.
"நாங்கள் தேநீர் போடப் போகிறோம்.
நீங்கள் முன்னால் போங்களேன்."

இங்கே யாரும் யாரையும் வேண்டாமென்று சொல்வதில்லை.
கெட்டில்தான் சொல்லும்.

நியாயமும் உண்டு, மறுக்கவில்லை.
பதினெட்டு டன் இரும்பு சும்மா சாய்ந்தாலே
என் படகு முட்டை ஓடு.
அவர் கவலை முட்டைக்கா, பெயின்ட்டுக்கா
என்பதுதான் கேள்வி.

மதகுக்காரி க்ளெனிஸ்,
சிவப்பு லைஃப் ஜாக்கெட், நீச்சல் தெரியாது,
சம்பளமும் கிடையாது.
"மேலே தண்ணீர் முழங்காலளவுதான்.
இன்றைக்கு ஜோடியாகத்தான் விடுவேன்" என்றாள்.

உள்ளே போனோம். கதவு மூடியது.
பாசிச் சுவர்களுக்கு நடுவே கயிற்றைப் பிடித்தபடி
லிஃப்டில் நிற்கும் அந்நியர்கள்போல் உயர்ந்தோம்.
முதல் மதகில் அவர்
வானிலையைப் பற்றிக்கூட எனக்கு ஒன்றும் தரவில்லை.

நாலாவதில் க்ளெனிஸ் வேறு யாரையோ அதட்டப் போய்விட்டாள்.
கதவு தள்ள ஹிலரி ஒருத்தியால் முடியவில்லை.
நான் ஏணியேற வேண்டும். என் கயிறு?
டெஸ்மண்டை நோக்கி நீட்டினேன்.
அதைப் பார்த்தார்,
ஈரத் துண்டை நீட்டியதுபோல.
பிறகு பிடித்துக்கொண்டார்.

மேலே, நானும் ஹிலரியும்
முதுகுக்குக் கீழே உள்ளதைக் கொடுத்து
உத்திரக்கட்டையைத் தள்ளினோம்.
அந்த நிலையில் யாருக்கும் பெரிதாய் அந்தஸ்து இருப்பதில்லை.
"பித்தளையை நான் வெறுக்கிறேன்" என்றாள், மூச்சிரைக்க.
"ஏழு வருஷமாய்த் தேய்க்கிறேன்.
அவரிடம் சொல்லிவிடாதே."
இஞ்சி பிஸ்கட் கொடுத்தாள். பாதி நமுத்திருந்தது.

எட்டாவதில் டெஸ்மண்ட்
தன் பருத்த கயிற்றுப் பந்தை நடுவில் தொங்கவிட்டு
இரண்டு படகையும் சேர்த்தே கட்டிவிட்டார்.
பதின்மூன்றில் என் எஞ்சின் என்ன வயது என்றார்.
அதன் பிறகு எண்ணவில்லை.
திரும்பிப் பார்த்தபோது வார்விக் தேவாலயக் கோபுரம்
எங்களுக்குக் கீழே போயிருந்தது.

அன்று மாலை, குப்பைப் பையோடு நடந்தபோது
ரோஜாப் படகுக்காரர்கள் வட்டமாய் உட்கார்ந்திருந்தார்கள்.
"அந்தத் தயிர் டப்பாவோடா? இருபத்தொன்றுமா?"
க்ளைவ் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.
டெஸ்மண்டும் சிரித்தார்,
அரை நொடி தாமதமாக.
அந்த அரை நொடியை
நான் பத்திரமாய் வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை. இறங்கும் பயணம்.
இரவு நல்ல மழை. க்ளெனிஸுக்கு விடுமுறை.
மதகு வாயில் காத்திருந்தேன்.
பின்னால் ஒரு வாடகைப் படகு
இரு கரையையும் மாறி மாறி முட்டிக்கொண்டு வந்தது.
பத்துப் பெண்கள், கடற்கொள்ளையர் தொப்பி.
மறுநாள் மணமாகப் போகிறவள்
முக்காட்டு வலையைத் தூக்கி இரண்டு கையும் ஆட்டினாள்:
"சேர்ந்து போகலாமா?"

அவளுக்குப் பின்னால் பார்த்தேன்.
வேறு படகு எதுவும் இல்லை.

"தேநீர் போடப் போகிறேன்" என்றேன்,
"நீங்கள் முன்னால் போங்களேன்."

சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று
உள்ளே போய்
கெட்டிலை நிஜமாகவே அடுப்பில் வைத்தேன்.