எண்பதாம் நம்பர் வலை

கட்சிக்கொடி அடித்து ஓய்ந்த சட்டத்தில்
இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கிறது.
மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம்,
போகவில்லை.
இதுதான் நல்ல சாயம் என்றாள் ஃபௌசியா.

முதலில் செவ்வந்தி.
மன்னார்குடிப் பூக்கடைகள் ராத்திரி கொட்டுகிற வாடல்
ஒரு சாக்கு; காய்ச்சினால் அரைச் செம்பு.
மாங்காய் டிசைன் வைத்து ரப்பரை இழுத்தேன்.
மாங்காய் கோட்டைத் தாண்டி ஓடி
துணியெல்லாம் சாறு.

கெட்டி வேண்டும்.
புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி,
மாவாக்கிக் கிண்டினோம்.
எறும்புக்குப் பிடித்தது. வலைக்கண்ணுக்குப் பிடிக்கவில்லை.
அடைப்பெடுக்கப் பல் பிரஷ்ஷால் தேய்த்ததில்
ஓர் இலை கிழிந்தது.
மறுநாள் பசை புளித்து
மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்:
என்னம்மா, கள்ளா?

நூற்றிருபதை விட்டு
எண்பதாம் நம்பர் வலைக்கு மாறினோம்.
அன்றைக்கு மாங்காய்
கோட்டுக்குள் நின்றது.
நான் கைதட்டவில்லை. பயம்.

பயந்தது சரி.
ஆவி காட்டி, ஆறவிட்டு,
கொல்லைப் போரில் அலசிய நிமிஷம்
மஞ்சள் ஒருதரம் யோசித்தது.
பிறகு பாசியானது.
கடுக்காயில் ஊறிய துணி முழுக்க
மழைக்கு முந்திய சாம்பல்.

சிங்காரவடிவேல் வளைகாப்புக்கு இருநூறு பை சொல்லியிருந்தார்.
சாம்பிளை இரண்டு விரலால் திருப்பித் தந்தார்.
முன்பணத்தைக் கேட்கவில்லை.
அந்தக் கேட்காமைதான்
ராத்திரி தூங்கவிடவில்லை.

பம்படியில் உட்கார்ந்திருந்தேன்.
தண்ணீர் விழுந்து விழுந்து
சிமெண்டில் ஒரு துருநாக்கு.
தினம் அதன்மேல்தான்
கால் கழுவுகிறேன்.
இரும்பு!
நாங்கள் பூ வாங்கப் போகுமுன்பே
தண்ணீர் சாயமாகத்தான் இருந்திருக்கிறது.

மேட்டூர் திறந்து பதினோராம் நாள்
பாமணியில் நுரையும் செருப்புமாய் முன்தண்ணீர்.
இரண்டு நாள் பொறுத்து
ஒரு குடம் மொண்டு தெளியவைத்து,
அதே பூ, அதே படிகாரம், அதே எண்பது.
மஞ்சள், மஞ்சளாகவே வந்தது.
வண்டல் வாசனையோடு.

இருநூறு பைக்கு எத்தனை குடம் என்று
இன்னும் கணக்குப் போட்டு முடியவில்லை.

துணுக்குகளைக் கயிற்றில் கிளிப் குத்தியிருக்கிறோம்.
பூவின் பெயர் எழுதவில்லை.
'கொல்லைப் போர்.'
'நகராட்சிக் குழாய், வியாழன்.'
'பாமணி, ஆனி பதினொன்று.'
ஓரத்தில் ஃபௌசியா ஒரு சீட்டு ஒட்டினாள்:
'மழை.'
அதன்கீழே துணி இல்லை,
கிளிப் மட்டும்.