கோணல் முதுகு

அல் கர்ஜ் பண்ணை, ஏழாம் தொட்டி.
வலையில் வந்த கெளுத்திகளில் பாதிக்கு
முதுகு கோணல்.
தண்ணீர் சரியில்லை என்றார் முதீர்.
குஞ்சு விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றான் ரஃபீக்குல்.

மூட்டையில் எல்லாம் இருந்தது.
புரதம் முப்பத்திரண்டு, கொழுப்பு ஆறு,
வைட்டமின் சி இவ்வளவென்று
பச்சை மையில், தேதியோடு.
மூட்டை கிடந்ததோ தகரக் கொட்டகையில்,
ஐம்பது டிகிரியில்,
மூன்று மாதம்.

எழுத்து அப்படியே இருந்தது.
சத்துதான் வெந்துபோயிருந்தது.

அன்றிரவே நாற்பது மூட்டையையும்
எங்கள் ஏசி அறைக்குச் சுமந்தோம்.
தலையணை வரைக்கும் மீன்தூள் கவிச்சி.
இடமில்லாமல் கட்டிலை மடக்கிய பிச்சைக்கனி
மூட்டைமேல் கால் நீட்டி
"மெத்தைக்கு இது தேவலை" என்றான்.

இப்போது ஏசி நின்றால்
ஒரு மணி நேரத்தில் ஆள் வருகிறான்.
போன ஜூலையில்
வெறும் எட்டுப் பேர் உள்ளே கிடந்தபோது
பதினோரு நாள் ஆனது.

புதுக் குஞ்சுகள் நேராக வளர்கின்றன.
இருட்டியதும் மீசை முன்னே வர
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்.

கோணியது இனி நிமிராது.
விலையும் போகாது; தீனி வீண் என்று உத்தரவு.
ஏழாம் தொட்டிப் பக்கம் போகும்போது
கை தானாக மூட்டைக்குள் போகிறது.
ஒரு பிடி.
நோட்டில் எழுதுவதில்லை.