நூற்று நாற்பத்து மூன்று படிகள்

திபிலிசியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
இன்று சட்டைப் பையில் பத்து தெத்ரி இல்லை.
எட்டு மாடி நடந்தேன்.

ஐந்தாம் மாடித் திருப்பத்தில்
இரண்டு வாளியையும் இறக்கி வைப்பாய், லம்ஸீரா.
கைப்பிடி பதிந்த உள்ளங்கையை
என் கன்னத்தில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாய்.
"மொத்தம் நூற்று நாற்பத்து நாலு படி" என்பாய்.
நான் எண்ணினால் எப்போதும் ஒன்று குறையும்.
வாசல் கல்லையும் சேர்த்து எண்ணினாயோ?
கேட்டேனா என்பது நினைவில்லை.

தண்ணீரும் மின்சாரமும் மேலே ஏறாத
குளிர்காலங்கள் அவை.
மண்ணெண்ணெய் அடுப்பில் சோளமாவு வேகும்.
வானொலி செத்துப் பல மாதம்.
அதன்முன் உட்கார்ந்து குரலைக் கனமாக்கி
நீயே செய்தி வாசிப்பாய்:
"மூன்றாம் மாடி நுக்ஸாரின் பூனை
இன்று காலை பதவி விலகியது.
ஆறாம் மாடியில் வெங்காயம் காணப்பட்டதாக
உறுதி செய்யப்படாத தகவல்."
அப்பா சிரிக்கமாட்டார்.
சிரிக்காமல் இருக்க
அவர் படும் பாட்டைப் பார்த்து
நாங்கள் சிரிப்போம்.

உனக்கு இருபத்து மூன்று. எனக்குப் பதினொன்று.

மூளைக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள்.
ஆம்புலன்சில் பெட்ரோல் இல்லை.
முற்றத்தில் நின்ற மூன்று கார்களிலிருந்து
குழாய் வைத்து உறிஞ்சினார் நுக்ஸார்,
விடியும்வரை துப்பிக்கொண்டிருந்தார்.
சமையலறை நாற்காலியில் உன்னை உட்காரவைத்து
போர்வையால் கட்டி
அப்பாவும் அவரும் தூக்கி இறங்கினார்கள்.
டார்ச் இருந்தது, பேட்டரி இல்லை.
மெழுகுவர்த்தியோடு முன்னால் போனேன்.
அன்று நீ படிகளை எண்ணவில்லை.
நானும்.

உன் முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும்.
கல்லறைக் கல்லில் உன் முகத்தைக் கொத்தியவர்
அதை நேராக்கிவிட்டார்.
நல்லது செய்ததாக நினைத்திருப்பார்,
அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை.
அடுத்த கோடையில் ஆணியோடு போனேன்,
பல்லை உடைக்க.
ஆணி வழுக்கி உதட்டிலிருந்து தாடைவரை கீறிவிட்டது.
அம்மா அடிக்கவில்லை.
விரலில் எச்சில் தொட்டு
அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்,
அழுக்கென்று நினைத்தவள்போல.

நாற்பதாம் நாள் அம்மா கீழே போனாள்,
சிசானாவின் கடைக்கு, உன் பாக்கியைத் தீர்க்க.
சிசானா நோட்டை மூடிவிட்டாள்:
"அது எனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு."
வருடா வருடம் அம்மா போவாள்.
வருடா வருடம் நோட்டு மூடும்.
இடையில் ஒரு குவளைத் தேநீர்,
உன்னைப் பற்றித் தவிர எல்லாப் பேச்சும்.

இப்போது அங்கே கைபேசி விற்கிறார்கள்.
சிசானா மகளோடு இருக்க கிரேக்கத்துக்குப் போகிறாள்.
போகுமுன் நோட்டை என் கையில் திணித்தாள்.
படியில் உட்கார்ந்து புரட்டினேன்.
ஊதா மை, சாய்ந்த எழுத்து:
லம்ஸீரா. ஒரு ரொட்டி. உப்பு. இரண்டு பேட்டரி.
ஜனவரி பதினொன்று.

நாற்காலி இறங்கியதற்கு முந்தைய நாள்.

ரொட்டியை நாங்கள் தின்றிருப்போம்.
உப்பு எப்படியோ தீர்ந்திருக்கும்.
பேட்டரிகளை மட்டும் எங்கே ஒளித்துவைத்தாய்?
கட்டிலடியில் இல்லை, கோட்டுப் பையில் இல்லை.
உன் துணிகளை அத்தை பிரித்துக் கொடுத்தபோது
எதிலிருந்தும் எதுவும் விழவில்லை.
என் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது.
வானொலிக்காக, எனக்காக வாங்கினாய்
என்று வைத்துக்கொள்கிறேன்.
அப்படி வைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியம்.

ஈஸ்டருக்கு வந்தோம்.
சிவப்பு முட்டையை உன் மண்ணில் உருட்டினாள் அம்மா.
அப்பா ரொட்டித் துண்டில் திராட்சை மதுவை ஊற்றி
வழக்கமான வாழ்த்தைப் பாதியில் விட்டார்.
அவர்கள் கேட்டுவரை போனபின்
கல்லைப் பார்த்து உட்கார்ந்தேன்.
கீறல் இன்னும் இருக்கிறது.
தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.
உன் கனம் எனக்கு வரவில்லை.

"செய்திகள். வாசிப்பது பாத்தா.
ஐந்தாம் மாடி ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி.
நுக்ஸாரிடம் இப்போது இருப்பது நாலாவது பூனை,
அதற்கும் குணம் சரியில்லை.
அப்பா இந்த வருடம் ஒருமுறை சிரித்ததாக
உறுதி செய்யப்படாத தகவல்."